கிரகணத்தை ட்ரோனில் எடுக்கலாமா? வெள்ளவத்தையிலிருந்து ஒரு கேள்வி

வெள்ளவத்தைப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துத் திரிகிறவன் நான். கையில் டிஜேஐ மினி 2 ட்ரோன் ஒன்று இருக்கிறது. 2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி, திங்கட்கிழமை, சூரிய கிரகணம் வருகிறது. எகிப்தில் லக்சோர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுதாக இருட்டுமாம். எங்களுக்குக் கொழும்பில் பின்னேரம் பகுதிக் கிரகணம் மட்டும்தான். ஆனாலும் நேரம் நல்ல நேரம். சூரியன் கடல் பக்கம் இறங்குகிற நேரம். கீழே காலி முகத்திடல், மேலே கடித்த பிஸ்கட் மாதிரிச் சூரியன், நடுவில் கப்பல். இப்படி ஒரு படம் மனதுக்குள் கிடந்து படுத்துகிறது.

போன மாதம் ஒத்திகை பார்த்தேன். 2019 கிரகணத்துக்கு வாங்கிய மட்டைக் கண்ணாடி ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் இருந்த கறுப்புத் தாளை வெட்டி, கமராவுக்கு முன்னால் செலோடேப்பால் ஒட்டினேன். ட்ரோனைப் போட்டதும் கமராத் தலை கிடுகிடுவென்று நடுங்கியது, திரையில் சிவப்பு எழுத்து வந்தது, பறக்கவே இல்லை. பாரம் கூடிவிட்டது போல. என் பிழைதான். பிறகு தாளைச் சின்னதாக்கி, டேப்பைக் குறைத்து, ஒருமாதிரி எழுப்பினேன். திரை முழுக்கக் கறுப்பு. கடலும் இல்லை, ரயில் பாதையும் இல்லை. நாலரை மணிக்குச் சூரியனையே காணவில்லை. கமராவை அதற்குமேல் நிமிர்த்த முடியவில்லை. ஐந்தேகாலுக்குத்தான் ஒரு மூலையில் குண்டூசித் தலையளவு புள்ளி ஒன்று வந்தது. அதற்குள் காகங்கள் கூடிவிட்டன. இறக்கிவிட்டேன்.

என்ன பில்டர் வாங்க வேண்டும்? வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி 64 பில்டர் போதுமா? இல்லாவிட்டால் ட்ரோனைத்தான் மாற்ற வேண்டுமா? காசு சேர்க்க நேரம் வேண்டும், அதுதான் இப்போதே கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனை:

முதலில் அனுமதி. காலி முகத்திடல் என்றால் பக்கத்திலேயே ஜனாதிபதி செயலகம், அதற்கு அப்பால் துறைமுகம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையிலும் பாதுகாப்பு அமைச்சிலும் கேட்காமல் அங்கே எழுப்பினால் ட்ரோனோடு உங்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆகஸ்டில் அங்கே பட்டம் வேறு. நூல் விசிறியில் சுற்றினால் கதை முடிந்தது. வேறு இடம் பாருங்கள் தம்பி.

பழைய நிக்கான்:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. திரை முழுக்கக் கறுப்பு, மூலையில் ஒரு புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். பில்டரை மாற்றினாலும் அதுதான் வரும்.

கணக்கைச் சொல்கிறேன். சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம்தான். எந்த லென்ஸாக இருந்தாலும், அதன் குவியத் தூரத்தை, அதாவது லென்ஸில் மி.மீ. என்று போட்டிருக்கிற எண்ணை, 109ஆல் பிரித்தால் கமராவுக்குள் விழும் சூரியனின் அளவு கிடைக்கும். உங்கள் மினி 2இன் லென்ஸ், பெரிய கமராக் கணக்கில் 24 மி.மீ.க்குச் சமன். 4000 பிக்சல் அகலப் படத்தில் சூரியன் ஏறத்தாழ 25 பிக்சல். அதில் ஒரு கடி என்றால் எட்டோ பத்தோ பிக்சல். போனில் பார்க்கிறவன் தூசி என்று துடைப்பான்.

2010 ஜனவரி 15 கங்கணக் கிரகணத்துக்கு, சூரியன் வளையமாகத் தெரிகிற கிரகணத்துக்கு, நான் யாழ்ப்பாணம் போனேன். போர் முடிந்து எட்டு மாதம். பகல் ஒன்றரை மணி போல, பத்து நிமிடம் வரை வளையம் நின்றது. கையில் நிக்கான் டி80, 70–300 லென்ஸ். 300இல் வைத்தால் அதே சூரியன் 450 பிக்சல் அகலம். பழைய கமரா, மலிவு லென்ஸ், அதிலேயே சூரியப் புள்ளி இருந்தால் காட்டும். ட்ரோன் நூறு மீற்றர் ஏறினால் சூரியனுக்கு நூறு மீற்றர் கிட்டப் போகிறது, அவ்வளவுதான். அதற்காகக் காகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பில்டர் விஷயம் இது. என்டி 64 என்றால் வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும். சூரியனின் முகத்தை எடுக்க ஒரு இலட்சத்தில் ஒரு பங்காக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் உங்கள் படமே விழுந்து போகிறது. ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் கடல் தெரியாது, கப்பல் தெரியாது, காலி முகத்திடலும் தெரியாது. கீழே ஊர், மேலே பிறை என்று ஒரே சொடுக்கில் எடுக்க, சூரியன் அடிவானப் புகைக்குள் சிவந்து இறங்கியிருக்க வேண்டும். இந்தத் தடவை அதுவும் இல்லை. உலகத்தின் எந்த மூலையிலும் நம் நேரம் ஆறே காலுக்குமுன் கிரகணம் முடிந்துவிடும், கொழும்பில் சூரியன் மறைவது அதற்கும் பிறகுதான்.

நிமிர்த்துகிற பிரச்சினையும் உங்கள் கைப்பிழை இல்லை. மினி 2இன் கமரா அடிவானத்துக்கு மேலே 20 பாகை மட்டும்தான் நிமிரும். மினி 3 புரோ, மினி 4 புரோ என்றால் 60 வரை போகும். ஆனால் அதற்காகக் காசு சேர்க்காதீர்கள். 60 பாகை நிமிர்ந்து அதே 25 பிக்சலைத்தான் காட்டும்.

ட்ரைபொட், பழைய 300 லென்ஸ், முன்னால் சூரியனுக்கென்றே செய்த பில்டர்த் தாள். இதுதான் சூரியனுக்கு. தாள் லென்ஸின் முன்பக்கம் இருக்க வேண்டும், கண் வைக்கிற பக்கம் வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஆயிரத்தில் ஒரு செக்கன் என்று தொடங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு மூன்று எடுங்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:

நன்றி அண்ணா. கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. அப்போ ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறீர்களா? அமெரிக்காவில் 2024இல் ட்ரோனில் எடுத்தவர்களின் வீடியோ பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

இன்னொன்று. பில்டர் இல்லாமல் ட்ரோன் கமராவைச் சூரியனுக்கு நேரே காட்டினால் உள்ளே எரிந்துவிடுமா? ஒத்திகையில் தாள் ஒருதரம் கழன்று போயிற்று. இன்னும் வேலை செய்கிறது, ஆனாலும் பயம்.

பழைய நிக்கான்:

மினி 2இன் லென்ஸ் துவாரம் இரண்டு மி.மீ.கூட இல்லை. என் 300இல் துவாரம் ஐம்பது மி.மீ.க்கு மேல். பரப்பளவில் பார்த்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். வீட்டில் பூதக்கண்ணாடியால் கடதாசி எரித்திருப்பீர்கள்தானே. பெரிய கண்ணாடி எரிக்கும், கூழாங்கல் அளவு கண்ணாடி எரிக்காது. சூரியன் மறைகிற வீடியோ எல்லோரும் ட்ரோனில் எடுக்கிறார்கள், எதுவும் ஆகிறதில்லை. என்றாலும் உச்சி வெயிலில் ஒரே இடத்தில் நிமிடக் கணக்கில் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். 300 லென்ஸைப் பில்டர் இல்லாமல் ஒரு செக்கன்கூடச் சூரியனுக்குக் காட்டாதீர்கள்.

அமெரிக்கா வீடியோ வேறு. அது முழுக் கிரகணம். சந்திரனின் நிழல் நிலத்தின்மேல் மணிக்கு இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிவருகிறது. உயரத்தில் நின்றால் அந்த இருட்டு வயலையும் மலையையும் விழுங்கிக்கொண்டு வருவது தெரியும். அதைப் பிடிக்க ட்ரோன் மாதிரி ஒன்று இல்லை. அவர்கள் எடுத்தது சூரியனை இல்லை, நிலத்தை. கவனித்துப் பாருங்கள். எங்களுக்கு வருவது பகுதிக் கிரகணம். ஓடிவர நிழலே கிடையாது. வெயில் கொஞ்சம் களைத்த மாதிரி இருக்கும்.

லக்சோருக்கே போகலாமே என்று யோசிப்பீர்கள். போங்கள், ட்ரோனைப் பெட்டியில் வைக்காமல் போங்கள். எகிப்தில் முன் அனுமதி இல்லாமல் ட்ரோன் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்திலேயே பறிப்பார்கள்.

2019 டிசம்பர் 26ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்றேன். ட்ரோன் கொண்டுபோகவில்லை, அந்த வருடம் ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்கத் தடை போட்டிருந்தார்கள், அந்த வில்லங்கம் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. திகதியைப் பாருங்கள். சுனாமி நாள், பதினைந்தாவது வருடம். 9.25க்கு இரண்டு நிமிடம் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். அப்போதே வெயில் வெளிறிவிட்டது. சந்திரன் முக்கால்வாசி ஏறியாயிற்று, ஒருவரும் மேலே பார்க்கவில்லை. மௌனம் முடிந்து கொஞ்ச நேரத்தில் வளையம் வந்தது. என்னிடம் வளையத்தின் படம் நாற்பது இருக்கிறது, அதைப்போல எல்லோரிடமும் இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் தலை குனிந்து நின்ற சனத்தின் படம் ஒன்றுகூட இல்லை. கமரா மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

அதனால்தான் சொல்கிறேன், ட்ரோனை வீட்டில் வைக்க வேண்டாம். சூரியனுக்கு முதுகு காட்டிப் பறக்கவிடுங்கள். அப்போது பில்டர் தேவையில்லை, கமராவை நிமிர்த்தவும் தேவையில்லை.

பௌதிகவியல் டீச்சர்:

முதுகு காட்டுவதற்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது தம்பி. மாமர நிழலில் கிரகண நேரம் நிலம் முழுக்கப் பிறை பிறையாக விழுவது பார்த்திருப்பீர்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் கமரா. அதையே பெரிதாகச் செய்யலாம். ஒரு மட்டையில் நூறு துளை போட்டுச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் நூறு பிறை விழும்.

ஒரு விஷயம் மட்டும். ஆகஸ்ட் 2 பின்னேரம் ஐந்து மணிக்குச் சூரியன் 20 பாகை உயரத்தில்தான் நிற்கும், மேற்கிலிருந்து 16, 17 பாகை வடக்கே. அந்தச் சரிவில் நிலத்தில் விழும் பிறை மூன்று மடங்கு நீண்டு வெண்டிக்காய் மாதிரி ஆகிவிடும். ஆகவே நிலத்தில் விரிக்காமல், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மேற்குப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். மட்டையை அதிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளிப் பிடித்தால் ஒவ்வொரு பிறையும் பதினெட்டு மி.மீ. அளவில் வரும், உங்கள் 109 கணக்கேதான் இதுவும். ட்ரோனை வேட்டிக்குக் கிட்ட நிறுத்தித் தொடங்கி, பின்னாலும் மேலேயும் இழுத்துக்கொண்டு போனால், பிறைகள், வேட்டி, மாடியில் நிற்கிற சனம், காலி வீதி என்று ஒரே ஓட்டத்தில் விரியும். நீங்கள் சூரியனை எடுத்தாயிற்று, ஊரையும் எடுத்தாயிற்று. ட்ரோனின் நிழல் வேட்டியில் விழாதபடி கொஞ்சம் பக்கமாக நில்லுங்கள்.

இரண்டாவது யோசனை குறும்புக்கு. ட்ரோனைக் கமராவாக வைக்காமல் படத்துக்குள் வையுங்கள். நூறு மீற்றர் தூரத்தில் சூரியனை மறைக்க 92 சென்ரிமீற்றர் அகலப் பொருள் வேண்டும். உங்கள் ட்ரோன் விசிறியோடு 29 சென்ரிமீற்றர். அதாவது சூரியத் தட்டின் மூன்றில் ஒரு பங்கு அகலத்தில், கறுப்புப் பூச்சி போல, பிறைக்கு முன்னால் நிற்கும். நூறு மீற்றர் தள்ளி நிற்க அது 34 மீற்றர் ஏறினால் போதும். பழைய நிக்கான் சொன்ன 300 லென்ஸ் கீழே ட்ரைபொட்டில். சிக்கல் என்னவென்றால், சூரியன் தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம்தான் எடுக்கும். ஜிபிஎஸ்ஸில் நிற்கிற ட்ரோனும் ஒன்றரை மீற்றர் அங்கே இங்கே ஆடும், சூரியனோ அந்தத் தூரத்தில் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே நிறுத்தப் பார்க்காமல், மெதுவாகக் குறுக்கே ஓடவிட்டுத் தொடர்ந்து சொடுக்குங்கள்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கண் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ரிமோட்டில் பார்ப்பதால் ஆபத்து இல்லை. ட்ரோன் எங்கே என்று தலை நிமிர்த்தித் தேடுவீர்கள் பாருங்கள், அதில்தான் ஆபத்து. அது சூரியனுக்கு நேரே நிற்கிறது. ஒருவர் திரையைப் பார்த்து வழி சொல்ல வேண்டும், ஓட்டுகிறவர் கிரகணக் கண்ணாடியோடு நிற்க வேண்டும். 2019 கண்ணாடியின் தாளைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். புதிது வாங்குங்கள். விழித்திரைக்கு நோ தெரியாது, எரிந்த பிறகுதான் தெரியும்.

தெஹிவளை அம்மம்மாவின் பேத்தி:

படம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிரகணம் என்றதும் எழுத வந்தேன். 1955 ஜூன் 20 முழுக் கிரகணம் இலங்கையில் தெரிந்தது அம்மம்மாவுக்கு நினைவு. அந்த நூற்றாண்டிலேயே நீண்ட முழுக் கிரகணமாம், எங்கோ பிலிப்பைன்ஸ் பக்கம் ஏழு நிமிடத்துக்கு மேல். அவருக்கு நினைவிருப்பது இருட்டு இல்லை, வசம்பு. கிரகண நேரத்தில் வசம்பு அரைத்துக் குடித்தால் பெண்கள் வெள்ளையாவார்கள் என்று ஊரெல்லாம் ஒரு கதை பரவி, குடித்தவர்கள் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார்களாம். அம்மம்மாவின் அக்காவும் குடித்தவராம். "அவ அப்படியேதான் இருந்தா" என்று சொல்லி இன்றைக்கும் சிரிப்பார். 2019இல் எங்கள் வீட்டில் சோற்றுப் பானையில் தர்ப்பைப் புல் போட்டு மூடிவிட்டு, மாடியில் ஏறி வெல்டிங் கண்ணாடியால் பார்த்தவரும் அவரேதான்.

பழைய நிக்கான்:

பேத்தி, அந்த வெல்டிங் கண்ணாடி 14ஆம் இலக்கமா என்று பாருங்கள். கடையில் சும்மா கேட்டால் 10, 11ஐத் தருவார்கள், அது சூரியனுக்குப் போதாது.

டீச்சரின் வேட்டி யோசனைக்கு நான் கை தூக்குகிறேன். வானிலை ஒன்றுதான் பயம். ஆகஸ்ட் இங்கே தென்மேற்குப் பருவக்காற்று. முகில் வந்தால் ட்ரோன் முகிலுக்கு மேலே போகாது, யாரும் அப்படிக் கனவு காண வேண்டாம். அந்த மாதம் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் வானம் திறந்திருக்கும். ஆனால் வெள்ளவத்தையை விட்டுப் போனால் உங்கள் படம் உங்கள் படமாக இருக்காது என்பது என் எண்ணம். தவறினால் 2031 மே 21 இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் திரும்பவும் வளையம். எனக்கு முழங்கால் இருந்தால் வருகிறேன்.

வெள்ளவத்தைப் பொடியன்:

முடிவு எடுத்தாயிற்று. காலி முகத்திடல் வேண்டாம். எங்கள் ஃபிளட் மொட்டைமாடி, அப்பாவின் வேட்டி. மாடிச் சங்கத் தலைவரிடம் கேட்டேன், "வேட்டிக்கு அனுமதி, ட்ரோனுக்கு நீயே கடிதம் கொண்டுவா" என்றார். இரத்மலானை விமான நிலையமும் தூரமில்லை என்பதால் விண்ணப்பத்தை முன்கூட்டியே போடுகிறேன். பூச்சிப் படத்துக்குச் சித்தப்பாவின் மகன் வருகிறான், அவன் திரையைப் பார்ப்பான்.

டீச்சர், மட்டைக்குப் பதிலாக அம்மாவின் இடியப்ப உரல் அச்சைப் பிடிக்கலாமா? துளை நிறைய இருக்கிறது.

பௌதிகவியல் டீச்சர்:

துளை நெருக்கம் தம்பி. இரண்டு மீற்றர் தள்ளினால் பிறைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும். அச்சைப் பிடிப்பதென்றால் வேட்டிக்கு மிகக் கிட்டப் பிடிக்க வேண்டும், அப்போது பிறை கடுகளவு. மட்டையே நல்லது. மூன்று மி.மீ. துளை, துளைக்குத் துளை மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி. ஒத்திகைக்குக் கிரகணம் வரை காத்திருக்க வேண்டாம். எந்த வெயிலிலும் பிறைக்குப் பதில் முழு வட்டமாக விழும். இன்றைக்கே பின்னேரம் செய்து பாருங்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:

மட்டை வெட்டித் துளையும் போட்டாயிற்று டீச்சர். இங்கே மூன்று மணியிலிருந்து மழை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.